வந்து வந்து போகும் மின்பழுது: பழைய புல்லட்டில் அதைத் தேடிப் பிடிக்கும் முறை

ஓடிக்கொண்டிருந்த வண்டி, யாரோ சாவியைத் திருப்பிவிட்டது போலச் சட்டென்று நின்றுவிடுகிறது. ஓரமாகத் தள்ளி நிறுத்திச் சற்றுப் பொறுத்துக் கிக்கரை உதைத்தால், எதுவுமே நடக்காதது போல மறுபடியும் ஓடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே அரை மணி நேரம் ஓடவிட்டாலும் நிற்பதில்லை. மெக்கானிக் முதலில் பிளக்கை மாற்றுகிறார், அடுத்த முறை காயிலை மாற்றுகிறார், அதற்கும் அடுத்த முறை வயரிங் கிட்டையே மாற்றிவிடலாம் என்கிறார். இவ்வளவு செலவுக்குப் பிறகும் வண்டி ஒரு நாள் பாலத்தின் நடுவில் நிற்கிறது.

முழுதாகச் செத்துப்போன விளக்கையோ ஹாரனையோ கண்டுபிடிப்பது எளிது. எப்போது சோதித்தாலும் அது செத்தே கிடக்கும். விட்டுவிட்டு வரும் பழுது, நாம் சோதிக்கும் நேரத்தில் சரியாக இருந்துவிடுகிறது. அதனால்தான் பலரும் அதைத் தற்செயல் என்று நினைத்து, சந்தேகப்பட்ட உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். ஆனால் அது தற்செயல் அல்ல. ஏதோ ஒரு நிலைமை அமையும்போது மட்டும் வருகிற பழுது அது. அந்த நிலைமை எது என்று கண்டுபிடித்து, அதை நாமே உண்டாக்கி, மின்சாரம் உண்மையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து பார்ப்பதுதான் இந்த வேலையின் சாரம்.

விளக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் வண்டி, பாயின்ட்டும் காயிலும் கொண்ட பழைய புல்லட் 350. பேட்டரியின் மின்சாரத்தைப் பிளக்கில் தீப்பொறி தரும் உயர் மின்னழுத்தமாக மாற்றுவது காயில். எஞ்சின் சுழலச் சுழல அந்தக் காயிலில் ஓடும் மின்சாரத்தை மூடித் திறக்கும் சிறு சுவிட்ச்தான் பாயின்ட். 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டதிலிருந்து, திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த வண்டி இது. அதன் மின்சுற்று எளிமையானது. ஒவ்வொரு வயரையும் கண்ணால் பின்தொடர்ந்து போகலாம். ஹெட்லைட் மேலுள்ள முகப்பிலேயே, மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் ஓர் ஆம்ப் மீட்டரும் இருக்கிறது. கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல வண்டி கிடைப்பது அரிது. இங்கே சொல்லும் எண்கள் 12 வோல்ட் வண்டிக்கு உரியவை. முறையோ பேட்டரியும் பாயின்ட்டும் கொண்ட எந்தப் பழைய வண்டிக்கும் பொருந்தும்.

பழுது வரும் நேரம்

மின்சுற்று என்பது பேட்டரியின் ஒரு முனையில் புறப்பட்டு, வயர், பியூஸ், சுவிட்ச் வழியாகப் பல்பையோ காயிலையோ அடைந்து, அங்கிருந்து வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகப் பேட்டரியின் மறு முனைக்குத் திரும்பும் ஒரு வளையம். திரும்பிவரும் பாதையைத்தான் எர்த் என்கிறோம். இந்த வளையத்தில் உலோகத்தை உலோகம் தொடும் இடங்கள் பல உண்டு. வயது ஆக ஆக அந்த இடங்களில் பிடிப்பு தளர்கிறது, செம்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது, இரும்பில் துரு பிடிக்கிறது. தொடர்பு முழுதாக அறுந்துவிடுவதில்லை. அறுந்துபோகும் நிலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பட்டறைகளில் லூஸ் காண்டாக்ட் என்று சொல்வது இதைத்தான்.

அப்படித் தொங்கிக்கொண்டிருக்கும் தொடர்பைப் பிரிப்பவை அதிர்வு, வெப்பம், ஈரம், வளைவு ஆகிய நான்கும்தான். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு நட்டுகளைத் தளர்த்துகிறது. வெப்பத்தில் உலோகம் விரிவதால், குளிர்ந்திருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு முனைகள் சூடானபின் விலகலாம். காயிலுக்குள் இருக்கும் தலைமுடி போன்ற மெல்லிய கம்பியில் இது அடிக்கடி நடக்கும். ஈரம் இருவகையில் கெடுதல் செய்கிறது. நாள்பட்ட ஈரம் களிம்பை வளர்க்கிறது. கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் இது இன்னும் வேகம். புதிதாக இறங்கிய மழைநீரோ, பிளக் வயரின் வெடிப்பு வழியாக உயர் மின்னழுத்தத்தை வெளியே கசியவிடுகிறது. வளைவு என்பது ஹேண்டில்பாரின் வேலை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதன் கழுத்துப் பகுதியில் வயர் மடங்கி நிமிர்கிறது. பல ஆண்டுகள் இப்படி மடங்கிய செம்பு இறுகி, மேலுறை அப்படியே இருக்க உள்ளே மட்டும் ஒடிந்துவிடுகிறது.

ஆகவே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பு, பழுது எப்போது வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். வண்டி குளிர்ந்திருக்கும்போதா, இருபது நிமிடம் ஓடியபின்பா? பள்ளத்தில் இறங்கும்போதா? மழையிலா, வண்டியைக் கழுவிய மறுநாளா? இடப்பக்கம் திரும்பும்போது மட்டுமா? பிரேக் பிடிக்கும்போதா, ஹெட்லைட் போட்டபின்பா? பழுதைச் சொல்ல வந்தவரிடம் முதலில் இவற்றைக் கேட்கும் மெக்கானிக்கிடம் வண்டியை நம்பிக் கொடுக்கலாம்.

எது எதோடு சேர்ந்து நிற்கிறது

அடுத்த கேள்வி இதைவிட முக்கியமானது. எஞ்சின் நின்ற அந்த நொடியில் ஹாரன் அடிக்கிறதா? விளக்கு எரிகிறதா? எல்லாமே சேர்ந்து செத்துவிட்டால், எல்லாவற்றுக்கும் பொதுவான பாதையில்தான் பழுது இருக்க முடியும். அந்தப் பாதை குறுகியது: பேட்டரி முனைகள், பியூஸ், ஆம்ப் மீட்டர், இக்னிஷன் சுவிட்ச், பேட்டரியிலிருந்து சட்டத்துக்குப் போகும் எர்த் வயர். ஹாரனும் விளக்கும் நன்றாக இருந்து எஞ்சின் மட்டும் நின்றிருந்தால், சுவிட்சைத் தாண்டிக் காயில் பக்கம் போகும் கிளையில் தேட வேண்டும். ஹெட்லைட் மட்டும் மங்கி மங்கி எரிந்தால் எஞ்சின் பக்கம் போகவே வேண்டாம். நின்ற இடத்திலேயே, கிக்கரை உதைப்பதற்கு முன்பு ஹாரனை ஒரு முறை அழுத்திப் பார்ப்பது பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் பதற்றத்தில் பெரும்பாலானோர் முதலில் கிக்கரைத்தான் உதைக்கிறார்கள். அந்த அதிர்விலேயே தொடர்பு ஒட்டிக்கொண்டு தடயம் போய்விடுகிறது.

நின்றது மின்சாரத்தால்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஓட்டத்தின் நடுவில் ஒரே வெட்டாக நின்றால் பெரும்பாலும் மின்சாரம். இழுவை குறைந்து, திணறி, தடுமாறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால், ஓட ஓட டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் வண்டி நிற்கும். சற்றுப் பொறுத்தால் காற்று மெல்லப் புகுந்து மறுபடி ஓடும். சூடானால் செயலிழக்கும் காயிலும் இதே நாடகத்தைத்தான் ஆடும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்கிறதா என்று பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும்.

மல்டிமீட்டரின் ஒலி ஏன் போதாது

தொடக்கநிலையில் உள்ளவர்கள் செய்வது, மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து வயரின் இரு முனைகளையும் தொட்டுப் பார்ப்பது. மீட்டர் ஒலித்தால் வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். விட்டுவிட்டு வரும் பழுதில் இந்தச் சோதனை நம்மை ஏமாற்றும். இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

மீட்டர் இந்தச் சோதனைக்கு அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது; ஏறத்தாழ ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பல மீட்டர்கள், எதிர்ப்பு சில பத்து ஓமுக்குக் கீழே இருந்தாலே ஒலிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. காயிலின் முதன்மைச் சுற்றுக்கு, அதாவது பேட்டரியின் மின்சாரம் ஓடும் சுற்றுக்கு, எதிர்ப்பு 3 முதல் 4 ஓம்தான். அதன் வழியில் 5 ஓம் எதிர்ப்புள்ள ஒரு களிம்பேறிய இணைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீட்டர் மகிழ்ச்சியாக ஒலிக்கும். ஆனால் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஓட வேண்டிய 4 ஓம் காயிலில், மொத்த எதிர்ப்பு 9 ஓம் ஆகிவிடுவதால் 1.3 ஆம்பியர்தான் ஓடும். அந்தக் காயிலால் நல்ல தீப்பொறி கொடுக்க முடியாது.

இதைவிடச் சிறிய எதிர்ப்பும் தொல்லைதான். 35 வாட் ஹெட்லைட் பல்பு எரியும்போது அதன் எதிர்ப்பு ஏறத்தாழ 4.1 ஓம். வழியில் அரை ஓம் எதிர்ப்பு சேர்ந்தால், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.3 வோல்ட் அந்த இணைப்பிலேயே தொலைந்துவிடும். அங்கே 3 வாட்டுக்கு மேல் வெப்பமும் உண்டாகும். அந்த வெப்பம் இணைப்பை மேலும் கெடுக்கும். அரை ஓமை மீட்டரில் நேரடியாக அளந்து கண்டுபிடிப்பதும் கடினம். மீட்டரின் வயர்களுக்கே 0.2, 0.3 ஓம் எதிர்ப்பு இருக்கும். பழைய 6 வோல்ட் வண்டியில் நிலைமை இன்னும் மோசம். அதே 35 வாட்டுக்கு இரு மடங்கு மின்னோட்டம் தேவைப்படுவதால், அதே அரை ஓம் கிடைக்கும் அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் அழுக்கு அடைத்திருந்தாலும், திருகை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்து நீர் ஓடத் தொடங்கினால்தான் அடைப்பு தெரியும். மின்சாரமும் அப்படித்தான். எனவே சுமை இயங்கிக்கொண்டிருக்கும்போது வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், கறுப்பு முனையைக் காயிலுக்கு மின்சாரம் வந்து சேரும் முனையிலும் வையுங்கள். பாயின்ட் மூடியிருக்கும்படி எஞ்சினை நிறுத்தி, சாவியைப் போடுங்கள். மீட்டர் காட்டுவது, வழியில் தொலைந்த வோல்ட். நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியில் இது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 1 வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு உண்டு. சிவப்பு முனையை அசைக்காமல், கறுப்பு முனையை மட்டும் சுவிட்சின் வெளிமுனை, உள்முனை, ஆம்ப் மீட்டரின் இரண்டு நட்டுகள், பியூஸின் இரு புறங்கள் என்று பேட்டரியை நோக்கிப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே அளவு திடீரென்று குறைகிறதோ அந்த நடுவில்தான் பழுது. எர்த் பக்கத்தையும் மறக்கக் கூடாது: பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இதேபோல அளந்தால், 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் தெரியக் கூடாது.

இப்படி அளந்துகொண்டிருக்கும்போதே வயர்களை ஒவ்வொன்றாக அசைக்க வேண்டும், ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்ப வேண்டும், சுவிட்சில் சாவியை லேசாக ஆட்ட வேண்டும். மீட்டரில் எண் துள்ளினால் பழுதை நீங்களே வரவழைத்துவிட்டீர்கள் என்று பொருள். சாவியைப் போட்டபடி பாயின்ட் மூடிய நிலையில் வண்டியை நெடுநேரம் விட்டுவிடக் கூடாது. காயில் சூடேறும், பேட்டரியும் இறங்கும். ஓரிரு நிமிடம் அளந்து, அணைத்து, மறுபடி தொடருங்கள்.

ஆம்ப் மீட்டர் சொல்லும் செய்தி

பழைய புல்லட் ஓட்டுபவர்களில் பலர் முகப்பிலுள்ள ஆம்ப் மீட்டரை அலங்காரமாகவே பார்க்கிறார்கள். பழுது தேடுபவருக்கு அது எப்போதும் கூடவே இருக்கும் கருவி. விளக்குகளை அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கரைக் கையாலோ காலாலோ மெதுவாக அழுத்தி எஞ்சினைச் சுழற்றுங்கள். பாயின்ட் மூடும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம், அதாவது பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறுவதைக் காட்டும் பக்கம், சற்றுச் சாய வேண்டும். பாயின்ட் திறக்கும்போது நடுவுக்குத் திரும்ப வேண்டும். எவ்வளவு சுழற்றினாலும் முள் நடுவிலேயே நின்றால் காயிலுக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது பாயின்ட்டின் முகங்கள் அழுக்காகித் தொடாமல் இருக்கின்றன. எவ்வளவு சுழற்றினாலும் சாய்ந்தபடியே இருந்தால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது காயிலிலிருந்து பாயின்ட்டுக்கு வரும் வயர் எங்கோ சட்டத்தைத் தொடுகிறது, அல்லது பாயின்ட்டோடு இணைந்திருக்கும் கண்டன்சர் என்ற சிறு உருளை உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. ஒரு கருவியும் எடுக்காமல், வண்டி நின்ற இடத்திலேயே, சாலையோரத்தில் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

ஓடும்போதும் முள்ளின் மீது ஒரு கண் இருக்கட்டும். மிதமான வேகத்தில் ஹெட்லைட்டோடு போகும்போது முள் நடுவிலோ சார்ஜ் பக்கமோ இருக்க வேண்டும். சமமான சாலையில் அது காரணமின்றி இருபுறமும் துடித்தால், முதன்மைப் பாதையில் ஒரு தொடர்பு விட்டு விட்டுப் பிடிக்கிறது. அந்தத் துடிப்பு வண்டி நிற்கத் தொடங்குவதற்குப் பல நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும். ஆனால் ஒன்று: ஆம்ப் மீட்டர் மின்பாதையின் நடுவிலேயே தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், அதன் பின்புற நட்டுகள் தளர்ந்தாலும் வண்டி முழுவதும் செத்துப்போகும். முகப்பைத் திறக்கும் முதல் வாய்ப்பிலேயே அந்த இரண்டு நட்டுகளையும் சரிபார்த்துவிடுவது நல்லது. இறுக்கும்போது, ஷார்ட் ஆகாமலிருக்கப் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிட வேண்டும்.

சாட்சியாக ஒரு சிறு விளக்கு

நிறுத்தி வைத்து எவ்வளவு அசைத்தாலும் வராமல், ஓடும்போது மட்டும் வரும் பழுதுகள் உண்டு. அவற்றுக்கு நான் மிகவும் நம்பும் வழி, 3 அல்லது 4 வாட் அளவுள்ள 12 வோல்ட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, ஒரு வயரைக் காயிலுக்கு மின்சாரம் வரும் முனையிலும் மற்றொன்றை நல்ல எர்த்திலும் இணைத்து, பல்பை ஹேண்டில்பாரில் பார்வை படும் இடத்தில் கட்டிவிடுவது. சாவி போட்டிருக்கும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும். வண்டி வெட்டி நிற்கும் நொடியில் அது அணைந்தால், பேட்டரிக்கும் காயிலுக்கும் இடைப்பட்ட பாதையில் பழுது. அது எரிந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றால், அந்தப் பாதை குற்றமற்றது. காயில், பாயின்ட், கண்டன்சர், பிளக் வயர், பிளக் ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். சிறு செலவில் முடியும் இந்த விளக்கு, சந்தேகப் பட்டியலை ஒரே வெட்டில் பாதியாக்கிவிடும். நெரிசல் இல்லாத சாலையில் மட்டும் இதைச் செய்யுங்கள்; கண் சாலையில்தான் இருக்க வேண்டும்.

விளக்கு அணைகிறது என்று தெரிந்தால் அடுத்த படி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு பியூஸ் வழியாக நேராகக் காயிலுக்குத் தற்காலிக வயர் ஒன்றைப் போட்டு, சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் பழைய வயரைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கிவிடுவது. பழுது வழக்கமாக வரும் நிலைமைகளிலும் வராமல் போனால், ஒதுக்கிவைத்த பகுதிக்குள்தான் அது இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது என்பதை நினைவில் வைத்து, அந்த வயரைச் சட்டென்று பிடுங்கக்கூடிய இணைப்பைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.

விளக்கு எரிந்தபடி எஞ்சின் நின்றால், நின்ற உடனே தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். ஆறவிட்டால் தடயம் போய்விடும். வேறொரு பிளக்கைக் கையோடு வைத்திருந்து, அதைக் கேப்பில் செருகி, சிலிண்டர் ஹெட்டில் படும்படி வைத்து உதைத்துப் பாருங்கள். எஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம். திறந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியேறித் தீப்பற்றலாம். பாயின்ட்டில் பெரிய மஞ்சள் பொறி பறந்து, அதன் முகங்கள் கருகியிருந்தால் கண்டன்சர் மீது சந்தேகம் கொள்ளலாம். பாயின்ட் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் மின்னோட்டத்தைத் தாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை, 0.2 மைக்ரோஃபாரட் அளவிலான இந்தச் சிறு உருளை சூட்டில் மட்டும் கெட்டு, ஆறினால் தேறிவிடும் இயல்புடையது. காயிலைச் சோதிக்கத் தலைமுடி உலர்த்தும் கருவியால் அதைச் சூடாக்கி, சூட்டிலேயே எதிர்ப்பை அளக்கலாம். நின்றுபோன காயில் மீது ஈரத்துணியைப் போட்டவுடன் வண்டி கிளம்பிவிட்டால், அதைவிடத் தெளிவான வாக்குமூலம் தேவையில்லை. மழையில் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்கு (எஞ்சின் இடையிடையே விட்டுவிட்டு ஓடுவதற்கு), இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பிளக் வயரின் மீது நீரைப் பனிபோலத் தெளித்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். அப்போது வயரைக் கையால் தொடாதீர்கள்.

வழக்கமாக ஒளிந்திருக்கும் இடங்கள்

ஹெட்லைட்டின் எர்த் பல பழைய வண்டிகளில் ஹேண்டில்பார் கழுத்திலுள்ள பேரிங் குண்டுகள் வழியாகத்தான் சட்டத்துக்குப் போகிறது. அங்கே கிரீஸும் துருவும் நிறைந்திருக்கும். திரும்பும்போது விளக்கு மங்கினால், ஹெட்லைட் கூட்டிலிருந்து சட்டத்துக்குத் தனியாக ஒரு எர்த் வயர் போட்டுவிடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டிகளில் எர்த் பழுது வந்தால், போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் சுரண்டப்படாமல் இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அழகாகப் புதுப்பித்த பல வண்டிகள் இதனாலேயே துன்பப்படுகின்றன.

கழுத்துப் பகுதி வயர்களை ஒவ்வொன்றாக இரு கைகளாலும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே செம்பு ஒடிந்திருந்தால் மேலுறை மட்டும் ரப்பர் போல நீளும். கண்ணாடி பியூஸில், கம்பி அறுபடாமல் தெரிந்தாலும் ஓரத்து உலோக மூடிக்குள் ஈயப்பற்று விட்டுப்போயிருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்து நம்பாமல் மாற்றிப் பார்ப்பதே மேல். பேட்டரியும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதல்ல. முழுதாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். உள்ளே ஓர் இணைப்பு விரிசல் விட்டிருந்தால் ஓய்வில் அதே 12.6 காட்டிவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டவுடன் அடியோடு விழுந்து, அணைத்ததும் மறுபடி எழுந்து நிற்கும். இக்னிஷன் சுவிட்சுக்குக் கனமான சாவிக்கொத்து பகை. பிளக் கேப்பைத் திருகிக் கழற்றினால் வயரின் முனை கருத்திருப்பதைப் பல வண்டிகளில் காணலாம். அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகினால் போதும். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதன் திருகு தளர்ந்து இடைவெளி மாறிக்கொண்டே இருப்பதும் வந்து வந்து போகும் பழுதாகவே தோன்றும்.

இதற்கு நேரெதிரான பழுது, எப்போதாவது பியூஸ் போவது. தொடக் கூடாத இடத்தில் வயர் சட்டத்தைத் தொடுகிறது என்பது அதன் பொருள். பின் மட்கார்டுக்கு அடியில் பிரேக் லைட் வயர் உராய்ந்து, பள்ளத்தில் இறங்கும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ மட்டும் ஷார்ட் ஆவது பழகிப்போன கதை. பியூஸை ஒன்றன்பின் ஒன்றாக எரித்துக்கொண்டிருக்காமல், அதன் இடத்தில் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். ஷார்ட் ஆனாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது என்பதால் வயர் கருகாது. காயில் இணைப்பைக் கழற்றி, விளக்குகளின் பல்புகளையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு வயர்களை அசைத்தால், பல்பு பளிச்சென்று எரியும் நேரத்தில் கை இருக்கும் இடம்தான் பழுதான இடம். எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் தாளையோ சுற்றுவது வண்டியையே கொளுத்திவிடக்கூடிய செயல். சாலையோர அவசரத்திலும் அதைச் செய்ய வேண்டாம்.

சரிசெய்வதும் சரிபார்ப்பதும்

பழுதைக் கண்டுபிடித்த களைப்பில் வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் அதே இடம் மறுபடி பேசும். கருத்த செம்பை வெட்டி எறிந்து, பளபளப்பான செம்பு தெரியும்வரை மேலுறையை உரித்து, அளவான லக்கை (வயரின் முனையில் பொருத்தும் உலோகக் கொக்கியை) அதற்குரிய குறடால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சூடாக்கினால் சுருங்கும் உறையை மேலே போட வேண்டும். ஈயம் வைப்பதாக இருந்தால், ஈயம் ஏறி விறைத்த பகுதி முடியும் இடத்தில் அதிர்வினால் வயர் ஒடியும் என்பதால், அந்த இடத்துக்கு அருகே வயரைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். எர்த் இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்து, பல் வைத்த வாஷரோடு இறுக்கி, இறுக்கிய பின் மேலே வாசலின் தடவுங்கள்.

வயரிங் கிட்டை மொத்தமாக மாற்றுவது பற்றி என் கருத்து வேறு. மேலுறை தொட்டால் உதிரும் அளவுக்குக் காய்ந்துபோயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழுது எங்கே என்று தெரியாமல் மாற்றினால், சுவிட்சிலோ எர்த்திலோ இருந்த பழைய பழுது அப்படியே இருக்க, புதிய இணைப்புகளின் பிழைகளும் அதனோடு சேர்ந்துகொள்ளும். அதே காரணத்தால் ஒரு நேரத்தில் ஓர் உறுப்பைத்தான் மாற்ற வேண்டும். பிளக், காயில், கண்டன்சர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி வண்டி சரியாகிவிட்டால், கெட்டுப்போனது எது என்பது கடைசிவரை தெரியாது. நல்ல நிலையில் உள்ள பழைய உறுப்பு குப்பைக்குப் போய்விடும்.

சரியாகிவிட்டதா என்பதை, பழுது முன்பு வந்த அதே நிலைமையில்தான் சோதிக்க வேண்டும். சூட்டில் வந்த பழுதைக் காலை நேரத்து ஐந்து நிமிட ஓட்டத்தில் சோதித்துப் பயனில்லை. வாரம் ஒரு முறை வந்துகொண்டிருந்த பழுது ஒரு நாள் வராமல் இருப்பதும் எதையும் நிறுவாது. மூன்று, நான்கு வாரம் அதே சாலைகளில் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். அதுவரை சாட்சி விளக்கைக் கழற்ற வேண்டாம். கழற்றும் நாளில், எந்த இணைப்பைச் சரிசெய்தீர்கள், புதிதாகப் போட்ட வயரின் நிறம் என்ன, அது எங்கிருந்து எங்கே போகிறது என்பதை வயரிங் வரைபடத்தின் நகலில் குறித்து, ஈரம் படாத உறையில் போட்டு டூல் பாக்ஸில் வைத்துவிடுங்கள்.